செட்டிநாட்டு நந்தவனமும் குச்சி நடவும்

கோயில் பூசைக்கு வேண்டிய பூக்களுக்காக அமைக்கப்படும் தோட்டம் நந்தவனம் எனப்படும். செம்பருத்தி, அடுக்கு நந்தியாவட்டை, குண்டுமல்லி முதலிய நந்தவனச் செடிகள் பெரும்பாலும் விதையால் பெருகுவதில்லை. குச்சி நட்டும் பதியம் போட்டுமே அவை தலைமுறை தலைமுறையாகக் காக்கப்பட்டு வந்துள்ளன. செம்பருத்தி போன்றவற்றைக் குச்சியிலிருந்து ஒற்றைத் தண்டுள்ள சிறு மரமாக வளர்க்கவும் முடியும்.

பின்னணி

சோழர் காலக் கல்வெட்டுகளில், கோயில் பூந்தோட்டத்தைப் பராமரிக்க விடப்பட்ட நிலம் ‘திருநந்தவனப்புறம்’ என்று குறிக்கப்படுகிறது. காரைக்குடியைச் சூழ்ந்த செட்டிநாட்டில் வாழும் நகரத்தாருக்கு இளையாற்றங்குடி, மாத்தூர், வயிரவன்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரக்குடி, வேலங்குடி, இரணியூர், பிள்ளையார்பட்டி என 9 நகரக் கோயில்கள் உள்ளன. அவர்கள் வணிக வருவாயில் ‘மகமை’ ஒதுக்கிக் கோயில் திருப்பணி செய்தனர், ஊருணி வெட்டினர், நந்தவனம் அமைத்தனர். காசியில் உள்ள நாட்டுக்கோட்டை நகரச் சத்திரமும் பூசைப் பூக்களுக்காகச் சிக்ரா பகுதியில் நந்தவனம் வைத்திருந்தது.

விதை தராத பூக்கள்

செம்பருத்தியின் அறிவியல் பெயர் ஹைபிஸ்கஸ் ரோசா-சினென்சிஸ். 1753-இல் லின்னேயஸ் இப்பெயரை வெளியிட்டார். அதற்கு முன்பே, 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் வெளிவந்த ‘ஹோர்ட்டஸ் மலபாரிகஸ்’ என்னும் நூல் இச்செடியை ‘ஷெம்பரிதி’ என்ற உள்ளூர்ப் பெயரால் விவரித்திருந்தது.

தோட்டங்களில் உள்ள செம்பருத்தி பெரும்பாலும் காய் பிடிப்பதில்லை. அடுக்குப் பூக்களில் மகரந்தத் தாள்கள் பல இதழ்களாக மாறிவிடுவதால் விதைக்கு வாய்ப்பு மேலும் குறைகிறது. குச்சியிலிருந்து வளர்வது தாய்ச்செடியின் நேர்ப்படி ஆகும். நிறமும் அடுக்கும் மாறாமல் வருவது இதனால்தான். ஆனால் குச்சி வெட்டி நடுவதற்கு ஆள் இல்லாமற்போனால் அந்த வகை அத்துடன் நின்றுவிடும்.

போத்தும் குச்சியும்

மழை குறைந்த இப்பகுதி மக்களுக்குக் கிளை நட்டு மரம் வளர்ப்பது புதிதன்று. கிளுவை வேலியும் முருங்கையும் பூவரசும் போத்து நட்டு வளர்க்கப்படுபவை. ஆள் உயரப் பூவரசம் போத்தை நட்டால், தண்டு முதலிலேயே அமைந்துவிடுகிறது. உச்சியில் தழைத்தால் போதும். வெட்டிய மேல்முனை காயாதிருக்கச் சாணம் அப்புவர். செம்பருத்தியில் சிறு குச்சியில் தொடங்கித் தண்டைப் படிப்படியாக உருவாக்க வேண்டும்.

வடகிழக்குப் பருவமழை பெய்யும் ஐப்பசி, கார்த்திகை மாதங்கள் இதற்கு ஏற்றவை. பென்சில் பருமனில், அரைகுறையாக முற்றிய கிளையிலிருந்து 15 முதல் 20 செ.மீ. நீளக் குச்சியைக் கணுவுக்குச் சற்றுக் கீழே சாய்வாக வெட்ட வேண்டும். மேலே 2 இலைகளைப் பாதியாக நறுக்கி விட்டு, மற்றவற்றை நீக்க வேண்டும். மணலும் மட்கிய எருவும் கலந்த செம்மண்ணில் 2 கணுக்கள் புதையுமாறு நட்டு நிழலில் வைத்தால் 4 முதல் 8 வாரங்களில் வேர் பிடிக்கும். ஆக்சின் என்னும் வளர்ச்சிப் பொருளே வேரைத் தூண்டுகிறது என்பது 1930-களில் தெளிவானது. இன்று நாற்றங்கால்களில் பயன்படும் வேரூக்கிப் பொடி அதன் விளைவாகும்.

ஒற்றைத் தண்டாக வளர்த்தல்

நுனிமொட்டில் உண்டாகும் ஆக்சின் பக்க மொட்டுகளை அடக்கி வைக்கிறது. செடியை மரமாக்கும் முறை இவ்வியல்பையே பயன்படுத்துகிறது. நேராக வளரும் ஒரு தண்டை மட்டும் விட்டு, ஊன்றுகோலில் வாழைநாரால் தளர்வாகக் கட்ட வேண்டும். பக்கத் தளிர்களைக் கிள்ள வேண்டும். தண்டின் இலைகளைப் பறிக்கக் கூடாது, தண்டு பருக்க உணவு தருபவை அவையே. 3 அல்லது 4 அடி உயரம் வந்ததும் நுனியைக் கிள்ளினால் மேல் மொட்டுகள் கிளைக்கும். அக்கிளைகளையும் சில இலைகள் விட்டபின் கிள்ளிக்கொண்டே வந்தால் குடை போன்ற தலை அமையும். அடியில் வரும் தளிர்களை அவ்வப்போது நீக்க வேண்டும். முழு வடிவம் பெற ஏறக்குறைய 2 ஆண்டுகள் ஆகலாம்.

ஐரோப்பியத் தோட்டக்கலையில் இவ்வடிவம் ‘ஸ்டாண்டர்ட்’ எனப்படும். வெர்சாய் அரண்மனையில் 1684-1686-இல் கட்டப்பட்ட ஆரஞ்சுக் கூடத்தில், இவ்வாறு வளர்த்த ஆரஞ்சு மரங்கள் தொட்டியோடு குளிர்காலத்தைக் கழித்தன. செட்டிநாட்டு வீடுகளின் கல் பாவிய முற்றத்துக்கும் இவ்வடிவம் பொருந்தும்: ஒரு தொட்டி போதும், நடக்க இடம் அடைபடாது, பூ கைக்கெட்டும் உயரத்தில் பூக்கும்.

மாவுப்பூச்சி தந்த பாடம்

ஒரே தாயின் படிகள் யாவும் ஒரே நோய்க்கு இலக்காகும். 2008-இல் கோயம்புத்தூரில் கண்டறியப்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி, தமிழ்நாட்டில் பப்பாளி, மல்பெரி, மரவள்ளியுடன் செம்பருத்தியையும் தாக்கியது. 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து தருவிக்கப்பட்ட ஒட்டுண்ணிக் குளவிகளை விட்ட பிறகே அது கட்டுக்குள் வந்தது.

காக்கும் வழி

பூட்டிக் கிடக்கும் வீட்டின் தோட்டத்திலோ நீரின்றிக் காயும் நந்தவனத்திலோ உள்ள பழைய அடுக்குச் செம்பருத்திக்கு மண்ணில் விதை மிஞ்சாது. செடி பட்டபின் அதை மீட்க வழியில்லை. ஒரே வகையைக் குறைந்தது 3 வெவ்வேறு இடங்களில் குச்சி நட்டு, ஊரும் நட்ட நாளும் எழுதிய அட்டை கட்டி வைப்பது எளிய பாதுகாப்பு. பள்ளித் தோட்டங்களிலும் மாணவர்கள் ஒரு மழைக்காலத்தில் இதைச் செய்து பார்க்கலாம்.