பழைய சாம்பலும் புதுச் சாம்பலும் - லெகோ சேகரித்த பெரியவர்களின் கதை

லெகோ என்றால் என்னவென்று தனியாக விளக்கத் தேவையில்லை. மேலே எட்டுக் குமிழ், அடியில் பள்ளம், ஒன்றின் தலையில் ஒன்றை வைத்து அழுத்தினால் 'டக்'கென்று பிடித்துக்கொள்ளும் பிளாஸ்டிக் கட்டை. நம்மில் பலர் அதன் நகலை வைத்துத்தான் விளையாடியிருப்போம், பெயர் மட்டும் 'பில்டிங் பிளாக்ஸ்'. ஆனால் நான் எழுத வந்தது குழந்தைகளைப் பற்றி இல்லை. முப்பது நாற்பது வயதில், வேலைக்குப் போய், வீட்டுக்கடன் கட்டிக்கொண்டே, ராத்திரி பத்து மணிக்கு மேல் உட்கார்ந்து இதைக் கட்டுகிற ஆட்களைப் பற்றி. 2004ஆம் ஆண்டு அவர்களுக்கும் அந்தக் கம்பெனிக்கும் ஒரு பெரிய மனஸ்தாபம் வந்தது. எதற்குத் தெரியுமா? சாம்பல் நிறத்துக்கு. சிரிப்பு வந்தால் கொஞ்சம் அடக்கிக்கொள்ளுங்கள். முழுக்கப் படித்தால் அவர்கள் பக்கம் சாய்ந்துவிடுவீர்கள் என்பது என் எண்ணம்.

முதலில் கொஞ்சம் பழைய கதை. டென்மார்க்கில் பில்லுண்ட் என்று ஒரு சின்ன ஊர். அங்கே ஓலே கிர்க் கிறிஸ்டியன்சன் என்ற தச்சர். உலகப் பொருளாதாரச் சரிவில் வீடு கட்டும் வேலையெல்லாம் படுத்துவிட, 1932இல் மரப் பொம்மை செய்ய ஆரம்பித்தார். 'நன்றாக விளையாடு' என்று பொருள்படும் இரண்டு டேனிஷ் சொற்களைச் சுருக்கித்தான் 'லெகோ' என்ற பெயர். இரண்டாம் உலகப்போர் முடிந்த கையோடு பிளாஸ்டிக் வார்க்கிற இயந்திரம் ஒன்றை வாங்கினார். மரத்தையே நம்பி வாழ்ந்த ஒரு மனிதருக்கு அது பெரிய சூதாட்டம். 1949இல் குமிழ் வைத்த முதல் கட்டைகள் வெளிவந்தன.

இதில் ஒரு நெருடல் உண்டு. அந்தக் கட்டை அவருடைய சொந்த யோசனை இல்லை. இங்கிலாந்தில் ஹிலாரி ஃபிஷர் பேஜ் என்பவர் 'கிட்டிகிராஃப்ட்' என்ற பெயரில் ஏற்கெனவே அதை விற்றுக்கொண்டிருந்தார். அதன் மாதிரி பில்லுண்டுக்கு வந்து சேர்ந்தது. அங்குலக் கணக்கை மில்லிமீட்டராக்கி, மூலைகளை நேராக்கி, குமிழின் தலையைத் தட்டையாக்கி லெகோக்காரர்கள் தங்கள் கட்டையைச் செய்தார்கள். பேஜ் 1957இல் இறந்துபோனார். லெகோ இங்கிலாந்துக் கடைகளுக்கு வந்தது 1960இல். கிட்டிகிராஃப்டின் உரிமைகளை லெகோ விலை கொடுத்து வாங்கியது 1981இல்! கம்பெனி இன்று இதை மறைப்பதில்லை. ஆனால் பிற்காலத்தில் தன்னை நகலெடுத்தவர்கள் மேல் அது நாடு நாடாக வழக்குப் போட்டதைப் படிக்கும்போது பேஜின் ஞாபகம் வராமல் இருக்காது. (2005இல் கனடா உச்ச நீதிமன்றமும், 2010இல் ஐரோப்பிய நீதிமன்றமும் லெகோவுக்கு எதிராகத்தான் சொல்லின. குமிழ் என்பது வேலை செய்கிற உறுப்பு, அதை வணிகச் சின்னமாகச் சொந்தம் கொண்டாட முடியாது என்பது தீர்ப்பின் சாரம்.)

ஆனாலும் லெகோவின் சொந்தச் சரக்கு என்று ஒன்று இருக்கிறது. பழைய கட்டை உள்ளே வெறும் கூடு. அடுக்கலாம், தூக்கினால் கழன்றுவிடும். 1958 ஜனவரியில் ஓலே கிர்க்கின் மகன் கோட்ஃப்ரெட் காப்புரிமைக்கு விண்ணப்பித்தது, அந்தக் கூட்டுக்குள் சின்னக் குழாய்களை நிறுத்தும் யோசனைக்கு. கீழேயிருக்கும் கட்டையின் குமிழ், மேல் கட்டையின் குழாய்க்கும் சுவருக்கும் நடுவில் இறுகி உட்காரும். இழுத்தால் வரும், தானாக வராது. அதே மார்ச்சில் தந்தை காலமானார். 1963இல் பிளாஸ்டிக்கையும் ஏபிஎஸ் என்ற உறுதியான வகைக்கு மாற்றினார்கள். அச்சில் ஒரு மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்குக்கும் குறைவான வித்தியாசம்தான் அனுமதி. அதனால்தான் 1958 கட்டையை இன்றைய கட்டையின் மேல் வைத்து அழுத்தினால் இன்றும் பிடிக்கிறது.

நான் காமர்ஸ் மாணவன். எனக்கு இது பொம்மையாகத் தெரிவதை விட ஒரு கணக்குப் புதிராகத் தெரிகிறது. வாங்கிய எந்தப் பொருளுக்கும் தேய்மானம் போட வேண்டும் என்று முதல் வருஷமே சொல்லித் தருகிறார்கள். இங்கே தலைகீழ். நீங்கள் இந்த வருஷம் வாங்கும் பெட்டி, பத்து வருஷம் முன்பு வாங்கிய பெட்டியின் மதிப்பைக் கூட்டுகிறது, ஏனென்றால் இரண்டும் சேர்கின்றன. எட்டுக் குமிழ் கட்டை, ஒரே நிறத்தில் இரண்டு இருந்தால் 24 விதமாகச் சேர்க்கலாம். மூன்று இருந்தால் 1,060 விதம். ஆறு இருந்தால்? 91 கோடியே 51 லட்சத்து 3 ஆயிரத்து 765. கோபன்ஹேகன் பல்கலைக்கழகக் கணிதப் பேராசிரியர் சோரன் ஐலர்ஸ் கம்ப்யூட்டரை ஓடவிட்டுக் கண்டுபிடித்த எண் இது. அதற்கு முன்பு கம்பெனி பத்துக் கோடிச் சொச்சம் என்று சொல்லிவந்தது, ஆறு அடுக்குக் கோபுரங்களை மட்டும் எண்ணிவிட்டு.

சரி, பெரியவர்கள் எங்கே வருகிறார்கள்?

லெகோ ரசிகர்களிடையே 'இருண்ட காலம்' என்று ஒரு சொல் உண்டு. பதின்மூன்று பதினான்கு வயதில் கட்டைகளையெல்லாம் பரணில் போட்டுவிட்டு, படிப்பு, வேலை, கல்யாணம் என்று போய், மறுபடி ஒருநாள் இறக்கி எடுக்கிறவரை உள்ள இடைவெளி. பெரும்பாலும் சொந்தப் பிள்ளைக்கு வாங்குகிற சாக்கில்தான் அது முடியும்! இப்படித் திரும்பி வந்தவர்கள் உலகம் முழுக்க இருந்தார்கள். ஆனால் ஒருவரை ஒருவர் தெரியாது. வெளியே சொல்லவும் கூச்சம். 1990களில் இணையம் வந்த பிறகுதான், 'அட, நம்மைப்போல இன்னொரு பைத்தியம் இருக்கிறதே' என்று கண்டுகொண்டார்கள். பெரியவரான லெகோ ரசிகர் என்பதன் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து 'ஏஃபோல்' என்று தங்களுக்கே பெயர் வைத்துக்கொண்டார்கள்.

இவர்கள் வெறுமனே அரட்டை அடிக்கவில்லை. ஜேம்ஸ் ஜெஸ்ஸிமன் என்ற ஆஸ்திரேலிய இளைஞர் 1995இல் 'எல்டிரா' என்ற மென்பொருளை எழுதினார். கட்டைகளைத் திரையில் அடுக்கி, செய்முறைப் படம் தயாரித்து, அடுத்தவருக்கு அனுப்பலாம். காசு கிடையாது, சும்மா கொடுத்தார். அதுவரை ஒருவர் கட்டியதை இன்னொருவர் புகைப்படத்தில் பார்க்கலாம், அவ்வளவுதான். இனி அதே மாதிரி தானும் கட்டலாம். இரண்டே வருஷம். 1997இல் ஃப்ளூ காய்ச்சல் முற்றி ஜெஸ்ஸிமன் இறந்துவிட்டார். நேரில் பார்த்தே இராத ரசிகர்கள் அந்த மென்பொருளையும் கட்டைப் பட்டியலையும் எடுத்து வளர்த்தார்கள். கம்பெனியும் 2004இல் தன் சார்பில் அப்படி ஒரு மென்பொருள் கொண்டுவந்தது, 2022இல் மூடியும் விட்டது. செத்துப்போன ஒரு ரசிகர் விட்டுச்சென்றதோ இன்றும் நடக்கிறது. இந்தக் கதை முழுவதிலும் என்னை அதிகம் பாதித்த இடம் இதுதான்.

அடுத்தது 2000இல் டான் ஜெஸெக் என்பவர் தொடங்கிய சந்தை. 'பிரிக்பே' என்ற பெயரில் தொடங்கி 'பிரிக்லிங்க்' என்று மாறியது. பெட்டியாக இல்லை, கட்டை கட்டையாக வாங்கலாம். சிவப்பில் இரண்டு குமிழ் சரிவுக் கட்டை நானூறு வேண்டுமா, யாரோ ஒருவர் வீட்டு அலமாரியிலிருந்து வரும். இதற்கு ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு எண், ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு பெயர் வேண்டுமே? அதையும் ரசிகர்களே உட்கார்ந்து தயாரித்தார்கள். ஜெஸெக்கும் 2010இல் இளம் வயதிலேயே இறந்துபோனார்.

கம்பெனி இவர்களை எப்படிப் பார்த்தது? பல வருஷம் கண்டுகொள்ளவே இல்லை. வெளியார் அனுப்பும் யோசனைகளைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை என்பது கொள்கையாகவே இருந்தது. 1998இல் 'மைண்ட்ஸ்டார்ம்ஸ்' என்ற ரோபோ செட் வந்தபோது, கெகோவா ப்ரவுட்ஃபுட் என்ற ஸ்டான்ஃபோர்ட் மாணவர் அதன் மூளையைப் பிரித்து மேய்ந்து விவரங்களை இணையத்தில் போட்டுவிட்டார். வழக்குப் போடலாமா என்று பில்லுண்டில் யோசித்தார்கள். கடைசியில் போடவில்லை, அனுமதியே கொடுத்துவிட்டார்கள். 2002இல் டேனியல் சிஸ்கிண்ட் என்ற அமெரிக்க ரசிகர் வடிவமைத்த கொல்லன் பட்டறையைக் கம்பெனியே பெட்டி போட்டு விற்றது. கதவு லேசாகத் திறந்தது என்று சொல்லலாம்.

அந்த நேரத்தில்தான் சாம்பல் பிரச்சினை.

வெளிர் சாம்பல், அடர் சாம்பல், பழுப்பு ஆகிய மூன்று நிறங்களையும் கம்பெனி 2004 வாக்கில் சத்தமில்லாமல் மாற்றியது. பழைய சாம்பலில் லேசாக மஞ்சள் கலந்த ஒரு சூடு இருக்கும். புதியது நீலம் ஓடியது. குழந்தைகளிடம் காட்டிக் கேட்டபோது புதியது பிடித்திருந்ததாம். நியாயம்தான், பத்து வயதுப் பையனுக்கு ஒரு பெட்டிதான் உலகம். ஆனால் சேகரிப்பவருக்கு? கோட்டைச் சுவர் சாம்பல், விண்கலம் சாம்பல், ரயில் பாலம் சாம்பல். இருபது வருஷமாகக் கிலோ கணக்கில் சேர்த்து வைத்ததில் பாதிக்குப் பாதி சாம்பல். அரைகுறையாக நிற்கிற கோட்டைக்குப் புதுக் கட்டை வாங்கி வைத்தால் சுவர் முழுக்கத் திட்டுத் திட்டாகத் தெரியும். கட்டை பொருந்துகிறது, நிறம் பொருந்தவில்லை. பழசும் புதுசும் சேரும் என்பதை நம்பித்தானே இத்தனை வருஷம் காசு போட்டார்கள்? அந்த நம்பிக்கையில் விழுந்த முதல் கீறல் அது. இணையத்தில் மாதக்கணக்கில் கொந்தளித்தார்கள்.

இன்னொரு பக்கம் பாருங்கள், அதே 2004இல் கம்பெனி உயிருக்குப் போராடிக்கொண்டிருந்தது. அந்த ஒரு வருஷ நட்டம் மட்டும் சுமார் 190 கோடி டேனிஷ் குரோனர். பூங்கா, உடை, கடிகாரம், டிவி பொம்மை என்று கால் வைக்காத இடமில்லை. எந்தப் பெட்டியில் லாபம், எதில் நட்டம் என்று அவர்களுக்கே சரியாகத் தெரியவில்லை என்பதைப் படித்தபோது, காஸ்ட் அக்கவுண்டிங் பேப்பரைத் திட்டுகிற என் வகுப்புத் தோழர்கள் நினைவுக்கு வந்தார்கள். வடிவமைப்பாளர்கள் ஆளுக்கொரு புதுக் கட்டை கேட்டுக் கேட்டு, கட்டை வகைகள் நிறங்களோடு சேர்த்துப் பன்னிரண்டாயிரத்தைத் தாண்டியிருந்தன. ஒவ்வொரு புது வடிவத்துக்கும் ஒரு அச்சு, ஒவ்வொரு அச்சுக்கும் பெரும் செலவு, ஒவ்வொரு நிறத்துக்கும் தனி ஸ்டாக். 2004 அக்டோபரில் ஸ்தாபகரின் பேரன் கெல்ட் ஒதுங்கிக்கொள்ள, ஜோர்கன் விக் நுட்ஸ்டார்ப் என்ற 35 வயது ஆள் தலைமைக்கு வந்தார், குடும்பத்துக்கு வெளியிலிருந்து. கட்டை வகைகளை ஏழாயிரம் சொச்சத்துக்குக் குறைத்தார். 2005இல் லெகோலேண்ட் பூங்காக்களில் பெரும் பங்கை விற்றார். 'நாம் செய்வது கட்டை' என்று அடிப்படைக்குத் திரும்பினார்.

இதில் ஒரு வேடிக்கை. குறைவான வகைகள், ஒன்றோடொன்று சேரும் கட்டைகள், மாறாத நிறங்கள். ரசிகர்கள் கத்திக்கொண்டிருந்ததும் இதைத்தானே! விற்பனையில் அவர்கள் பங்கு சிறியதுதான். ஆனால் கம்பெனி தொலைத்துவிட்டுத் தேடிய பொருள் அவர்கள் கையில் பத்திரமாக இருந்தது. எங்கள் பாடத்தில் 'நற்பெயர்' என்று கண்ணுக்குத் தெரியாத ஒரு சொத்து வரும். விலைக்கு வாங்கினாலொழிய அதைக் கணக்கில் காட்டக்கூடாது. லெகோவின் இருப்புநிலைக் குறிப்பிலும் இந்த ஆட்கள் எந்த வரியிலும் இல்லை.

சாம்பல் திரும்பி வரவில்லை. ஆனால் இனி அடிப்படை நிறங்களில் கைவைக்க மாட்டோம் என்று கம்பெனி வாக்குக் கொடுத்தது. அடுத்த ரோபோ செட்டுக்கு (2006) நான்கு ரசிகர்களை ரகசியமாகக் கூப்பிட்டு ஆலோசனை கேட்டார்கள். அந்த நால்வர் பில்லுண்டுக்குப் போனது சொந்தக் காசில், கூலியாகக் கிடைத்தது சில லெகோ பெட்டிகள். சந்தோஷமாக வாங்கிக்கொண்டார்கள் (நானாக இருந்தால் டிக்கெட் காசாவது கேட்டிருப்பேன்). ரசிகராக இருந்து வேலைக்குச் சேர்ந்த ஜேமி பெரார்ட் வடிவமைத்த 'கஃபே கார்னர்' 2007இல் வந்தது. அந்த வரிசை இன்றும் தொடர்கிறது. 2008இல் ஜப்பானில் சின்னதாக ஆரம்பித்த ஒரு முயற்சி, 2014இல் 'லெகோ ஐடியாஸ்' ஆனது. உங்கள் படைப்புக்குப் பத்தாயிரம் பேர் ஆதரவு சேர்ந்து, கம்பெனியும் தேர்ந்தெடுத்தால், அது செட்டாக வரும், விற்பனையில் ஒரு சதவீதம் உங்களுக்கு. 2020 முதல் பெட்டியிலேயே '18+' என்று பெரியவர்களுக்காக அச்சடிக்கிறார்கள். 2024இல் விற்றுமுதல் 7,430 கோடி குரோனர்.

எல்லாமே நல்லதாக முடியவில்லை. ரஷ்யப் பொருளாதார ஆய்வாளர்கள் இருவர் 1987 முதல் 2015 வரை வந்த 2,322 செட்களின் மறுவிற்பனை விலையை ஆராய்ந்து, சராசரியாக வருஷத்துக்குப் பத்துச் சதவீதத்துக்கு மேல் ஏறியிருக்கிறது என்று எழுதினார்கள். அந்தச் செய்தி பரவியதும், சீலைப் பிரிக்காமல் அடுக்கி வைத்து விலை ஏறக் காத்திருக்கும் கூட்டம் ஒன்று தைரியமாகக் கிளம்பியது. முதலீடாக அது நல்லதோ கெட்டதோ, எனக்கு அதைப் பார்த்தால் பரிதாபமாக இருக்கிறது. பிரிக்காத பெட்டி எதோடும் சேராது.

பிரிக்லிங்க் சந்தையைக் கம்பெனியே 2019இல் வாங்கிவிட்டது. ரசிகர்கள் பாதிப் பேருக்குச் சந்தோஷம், பாதிப் பேருக்குப் பயம். ஆனால் அதன் நிறப் பட்டியலில் கை வைக்கவில்லை. இன்றும் போய்ப் பாருங்கள், 'வெளிர் சாம்பல்' ஒரு வரி, 'வெளிர் நீலச் சாம்பல்' இன்னொரு வரி. தொழிற்சாலையில் அச்சாகி இருபது வருஷத்துக்கு மேலான அந்தப் பழைய சாம்பலை, விட்டுப்போன கோட்டைச் சுவரை முடிக்க இன்னும் யாரோ ஒவ்வொன்றாக வாங்கிக்கொண்டிருக்கிறார்கள்.