விளக்கடி இருள்: கேமரன் மலைத் தோட்டங்களில் ஏரியலின் வரலாறு



கேமரன் மலையின் வரலாற்றை எழுதுவோர் 1885-ஆம் ஆண்டு வில்லியம் கேமரன் மேற்கொண்ட நில அளவையில் தொடங்குவர். 1929-இல் ஜே.ஏ. ரஸ்ஸல் 'போ' தேயிலைத் தோட்டத்தை நிறுவியதைக் கூறுவர். தாப்பாவிலிருந்து மலையேறிய சாலையைக் கூறுவர். காடு திருத்தித் தேயிலை நட்ட தமிழ்த் தொழிலாளரின் உழைப்பும் இப்போது ஓரளவு பதிவாகி வருகின்றது. ஆனால் அத்தொழிலாளர் குடியிருந்த லயங்களின் தகரக் கூரைமேல் நின்ற ஏரியலுக்கு வரலாற்றில் இடமில்லை. நாட்டின் செய்தியும் தாய்மொழியின் ஓசையும் தொலைக்காட்சி வழியாக அந்த வீடுகளுக்குள் நுழைந்தது அந்தக் குழல்களின் வழியாகத்தான். ஆகவே அதன் கதையையும் ஒருமுறை சொல்லி வைப்போம்.

1963-ஆம் ஆண்டு இரண்டு நிகழ்வுகள் நடந்தன. தெலோம், பெர்த்தாம் ஆறுகளின் நீரை மலை குடைந்த சுரங்கங்கள் வழியே பேராக் பக்கம் இறக்கி மின்சாரம் எடுக்கும் பணி அவ்வாண்டு பயன் தரத் தொடங்கியது. அதே ஆண்டு டிசம்பர் 28-ஆம் நாள் கோலாலம்பூரில் மலேசியத் தொலைக்காட்சி ஒளிபரப்பைத் தொடங்கியது. மலையிலிருந்து மின்சாரம் எளிதாகக் கீழே இறங்கியது. கீழிருந்து படம் அவ்வளவு எளிதாக மேலே ஏறவில்லை. ஒளிபரப்பு முதலில் தலைநகரையும் அதன் சுற்றுப்புறத்தையும் மட்டுமே எட்டியது. பிறகுதான் படிப்படியாக மற்ற மாநிலங்களுக்குப் பரவியது.

அந்நாளில் தோட்டப்புறங்களில் வீட்டுக்கு வீடு தொலைக்காட்சிப் பெட்டி கிடையாது. பொதுமண்டபத்திலோ, பெட்டி வாங்க வசதியிருந்த ஒருவர் வீட்டிலோ அனைவரும் கூடிப் பார்ப்பதே வழக்கம். மாலையில் சில மணி நேரம் மட்டும் ஜெனரேட்டர் ஓடிய தோட்டங்கள் நாட்டில் பல இருந்தன. கார் பேட்டரியில் பெட்டியை இயக்கியவர்களும் உண்டு. 1969-இல் இரண்டாம் அலைவரிசை வந்தது. 1978-இல் வண்ண ஒளிபரப்பு வந்தது. தமிழ்ச் செய்திக்கும் தமிழ்ப் படத்துக்கும் காத்திருந்த கூட்டம் பெருகியது.

இங்கே ஒரு கேள்வி எழும். கடல்மட்டத்திலிருந்து 1,400 மீட்டருக்கு மேல் இருக்கும் தானா ராத்தாவில் அலை நன்றாகக் கிடைக்க வேண்டுமல்லவா? உயரம் இருந்தால் போதாதா?

போதாது. தொலைக்காட்சி அலை ஏறத்தாழ ஒளியைப் போல நேர்கோட்டில் செல்வது. இடையில் மலை நின்றால் அதன் பின்புறம் நிழல் விழும். கிந்தா பள்ளத்தாக்கிற்கு அலை அனுப்பும் கிளேடாங் மலை, தானா ராத்தாவிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில்தான் உள்ளது. ஆனால் இடையே தித்திவாங்சா மலைத்தொடர் சுவர்போல் எழுந்து நிற்கின்றது. கேமரன் மலைக்குள்ளேயே 2,000 மீட்டரைத் தாண்டிய பிரிஞ்சாங் மலையுச்சியில் ஒளிபரப்புக் கோபுரங்கள் உள்ளன. எனினும், கோபுரத்துக்கு அருகில் இருப்பது வேறு. கோபுரத்தைக் காண முடிவது வேறு. தேயிலை சரிவில் வளரும். லயங்களோ தண்ணீரும் சமதளமும் கிடைத்த பள்ளங்களில் கட்டப்பட்டன. எதிர்ச் சரிவில் இருப்பவருக்குத் தெளிவாகத் தெரியும் கோபுரம், அதன் காலடியில் ஒரு மேட்டின் மறைவில் இருப்பவருக்குத் தெரியாமல் போகலாம். 'விளக்கடியில் இருள்' என்று நம் முன்னோர் சொன்னது ஒளிபரப்புக்கும் பொருந்துகின்றது.

இந்த இருளோடு போராட நம் மக்களுக்குக் கிடைத்த கருவி மீன்முள் வடிவ ஏரியல். அதற்கு 'யாகி' என்று பெயர். ஜப்பானின் செண்டாய் நகரில் பணியாற்றிய ஷிந்தாரோ உடா, ஹிதெட்சுகு யாகி ஆகிய இருவரும் அதனை 1926-இல் உலகுக்கு அறிவித்தனர். சொந்த நாட்டில் அதனைப் பெரிதாக எவரும் மதிக்கவில்லை. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தபின், பிரிட்டிஷ் ராடார் பற்றிய குறிப்பேடு ஒன்று ஜப்பானியப் படையிடம் சிக்கியது. அதில் திரும்பத் திரும்ப வந்த 'யாகி' என்ற சொல் அவர்களுக்குப் புரியவில்லை. பிடிபட்டிருந்த பிரிட்டிஷ் வீரரிடம் கேட்டபோது, அது உங்கள் நாட்டுப் பேராசிரியரின் பெயரல்லவா என்று அவர் வியந்ததாக வரலாறு கூறுகின்றது. பின்னாளில் அதே பெயருக்குரிய கருவி உலகெங்கும் வீட்டுக் கூரைகளில் ஏறியது. நம் தோட்டங்களிலும் ஏறியது.

பழைய அனலாக் ஒளிபரப்புக்கு ஒரு நற்குணம் இருந்தது. அலை குறைந்தால் படத்தில் பனி பெய்யும், ஒலி இரையும். எனினும் செய்தி காதில் விழும். நடிகர் யாரென்று கண்டுகொள்ளலாம். எதிர்மலையில் பட்டுத் திரும்பும் அலை சற்றுத் தாமதித்து வருவதால் ஒவ்வோர் உருவத்துக்கும் பக்கத்தில் ஓர் ஆவி உருவம் நிற்கும். ஒருவர் கூரைமேல் கம்பத்தைத் திருப்ப, மற்றொருவர் வாசலில் நின்று "போதும், அப்படியே விடு" என்று கூவிய காலம் அது.

1984-இல் டிவி3 தொடங்கியது. 1996 ஜூன் மாதம் ஆஸ்ட்ரோ வந்தது. தமிழுக்கெனத் தனி அலைவரிசையாக வானவில் வந்தது. பள்ளத்தாக்கில் வாழ்வோருக்கு இது பெரும் மாற்றம். கிழக்குத் தீர்க்கரேகை 91.5 பாகையில் நிற்கும் மியாசாட் செயற்கைக்கோள் நமக்கு ஏறத்தாழ உச்சிவானில், 75 பாகைக்கும் மேலான உயரத்தில் உள்ளது. எந்த மலையும் அதனை எளிதில் மறைக்காது. ஆனால் அதற்கு மாதக் கட்டணம் உண்டு. கொழுந்துக் கூலியில் குடும்பம் நடத்துவோருக்கு அது சிறு தொகையன்று. மேலும், கனமழை பெய்தால் தட்டில் படம் நின்றுவிடும். ஏரியலுக்கு வரும் அலையை மழையோ மூடுபனியோ அவ்வளவாகத் தடுப்பதில்லை. 2012-இல் மாதக் கட்டணமில்லாத என்ஜோய் சேவை வந்தபின் சுமை சற்றுக் குறைந்தது.

அடுத்த மாற்றம் 2019-இல் நிகழ்ந்தது. ஜூலை 21-ஆம் நாள் லங்காவியில் அனலாக் ஒளிபரப்பு நிறுத்தப்பட்டது. அக்டோபர் 31-ஆம் நாளுடன் நாடெங்கும் முடிந்தது. மைடிவி நிறுவனம் நடத்தும் மைஃபிரீவியூ என்னும் டிஜிட்டல் ஒளிபரப்பு அதன் இடத்தைப் பிடித்தது. உதவித்தொகை பெறும் குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு அரசு டிகோடர் பெட்டிகளை இலவசமாக வழங்கியது. பெட்டி கையில் வந்தும் படம் வராமல் தவித்த வீடுகள் இருந்தன. காரணம் கூரைமேல் இருந்தது. பழைய வி.எச்.எஃப். ஏரியலின் குழல்கள் முக்கால் மீட்டர் அளவிலும் அதற்கு மேலும் நீண்டவை. டிஜிட்டல் ஒளிபரப்பு யூ.எச்.எஃப். அலையில் வருகின்றது, அதற்குரிய குழல் ஒரு சாண் முதல் ஒன்றரைச் சாண்தான். பழைய ஏரியல் புதிய அலையைச் சரிவரப் பிடிக்காது.

டிஜிட்டலுக்கு இரண்டு முகங்கள் உண்டு. எதிர்மலையிலிருந்து திரும்பி வரும் அலையை அது பெரும்பாலும் பொறுத்துக்கொள்ளும்; ஆவி உருவம் இல்லை. ஆனால் அலை ஓர் அளவுக்குக் கீழே இறங்கினால் பனி பெய்த படம்கூட இல்லை, திரை கறுத்துவிடும். அரைகுறையாகவேனும் பார்த்து வந்த வீடு ஒன்றுமே பார்க்க இயலாத வீடாகிவிடும்.

இது பொழுதுபோக்கு பற்றிய பேச்சு மட்டுமன்று. 1972 ஜூன் 19-ஆம் நாள் நம் நாட்டில் கல்வித் தொலைக்காட்சி தொடங்கப்பட்டது. 2020 மார்ச் மாதம் பள்ளிகள் மூடப்பட்டபோது, அடுத்த மாதமே டிவி ஓக்கே அலைவரிசையில் பாடங்கள் ஒளிபரப்பாயின. 2021 பிப்ரவரி 17-ஆம் நாள் டிடிக் டிவி வந்தது. இணையம் எட்டாத மலைப்பள்ளத்துப் பிள்ளைக்கு ஆசிரியரின் குரல் வர எஞ்சியிருந்த வழிகளுள் தொலைக்காட்சியும் ஒன்று. திரை கறுத்த வீட்டுப் பிள்ளைக்கு அந்த வகுப்பறையும் மூடிக் கிடந்தது.

ஆகவே ஏரியலைச் சரிவர நிறுவும் முறையை நாம் அறிந்திருக்க வேண்டும். யூ.எச்.எஃப். ஏரியலே வேண்டும். தகரக் கூரை அலையைத் தடுப்பதால் வீட்டுக்குள் வைக்கும் ஏரியல் பயன் தராது. கூரைக்கு மேலே, மரக்கிளை மறைக்காத இடத்தில் நிறுத்த வேண்டும். பழைய தட்டை வயரைக் கழற்றிவிட்டு 75 ஓம் வட்டக் கேபிள் இழுக்க வேண்டும். இணைப்புகளில் மழைநீர் இறங்காதபடி கட்ட வேண்டும். டிகோடரின் திரையில் அலையின் வலிமை, தரம் என இரு அளவுகள் காட்டப்படும். ஏரியலைச் சிறிது சிறிதாகத் திருப்பி, தரம் உயரும் திசையில் நிறுத்த வேண்டும். பூஸ்டர் தேவையானால் கம்பத்தின் உச்சியில் ஏரியலுக்கு அருகே பொருத்த வேண்டும். இல்லாத அலையைப் பூஸ்டர் உண்டாக்காது. இடி மின்னல் வேளையில் கூரைமேல் ஏறவே கூடாது.

இவ்வளவு செய்தும் மேட்டின் மறைவில் இருக்கும் லயத்துக்கு என்ன வழி? அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் லான்ஸ்ஃபோர்டு என்றொரு நிலக்கரிச் சுரங்க ஊர் உண்டு. மலையிடுக்கில் இருந்ததால் பிலடெல்பியாவின் ஒளிபரப்பு அங்கே எட்டவில்லை. 1950-இல் அவ்வூரார் சிலர் மலைமேல் ஒரே ஓர் ஏரியலை நட்டு, அங்கிருந்து வீடுகளுக்குக் கேபிள் இழுத்தனர். கேபிள் தொலைக்காட்சியின் தொடக்கங்களுள் அதுவும் ஒன்று. பத்து வாசல்கள் ஒரே கூரையின்கீழ் இருக்கும் நம் லயங்களுக்கு இம்முறை மிகப் பொருத்தமானது. வாசலுக்கு ஓர் ஏரியல் வைத்துப் பத்தும் பழுதாய் நிற்பதைவிட, கோபுரம் தெரியும் மேட்டில் நல்ல ஏரியல் ஒன்றைத் தோட்ட நிருவாகத்தின் இசைவோடு நட்டு, அலையைப் பகிர்ந்துகொள்வது செலவும் குறைவு, பயனும் அதிகம்.

அன்று ஒரு பெட்டியின் முன் ஊரே கூடியது. இன்று ஓர் ஏரியலின்கீழ் ஒரு லயம் கூடினால், விளக்கடி இருளும் விலகும்.