கல்லும் குருத்தோலையும்



திருகோணமலையின் வரலாற்றைக் கூறப் புகுவோர் பெரும்பாலும் கல்லிலிருந்தே தொடங்குவர். ஏழாம் நூற்றாண்டிலே திருஞானசம்பந்தர் பதிகம் பாடிப் போற்றிய கோணேசர் ஆலயம், 1624ஆம் ஆண்டிலே போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீன் த சாவினால் இடிக்கப்பட்டது. அதன் கற்கள் துறைமுகத்தை நோக்கிய கோட்டைக்குச் சுவராயின. 1950ஆம் ஆண்டிலே கிணறு தோண்டியபோது பழைய வெண்கலத் திருமேனிகள் சில வெளிப்பட்டன. 1963ஆம் ஆண்டிலே புதிய ஆலயத்துக்குக் குடமுழுக்கு நிகழ்ந்தது. இடைப்பட்ட காலம் 339 ஆண்டுகள்.

கல்லின் கதை இது. ஒரே நாளில் வாடிவிடும் கலையொன்றும் நம்மிடையே உண்டு. அது குருத்தோலைத் தோரணம்.

தென்னையின் விரியாத குருத்தை வெட்டி, ஈர்க்கு நீக்கி, ஓலையை மடித்துப் பின்னிக் குருவிகளாக்குவர். மாவிலையோடு சேர்த்துக் கயிற்றிலே கட்டுவர். நான்கு குருவிகள் மேல்நோக்கி இருப்பின் அது மங்கலத் தோரணம். மூன்று குருவிகள் கீழ்நோக்கி இருப்பின் அவ்வீட்டிலே துயரம் நேர்ந்துள்ளது என்பது பொருள். எழுதப்படிக்க அறியாதாரும் வீதியில் நின்றே இதனைப் படித்தறிவர்.

திருவிழாவுக்கு முன்னாள் ஊர் கூடியே இவ்வேலையைச் செய்யும். இளைஞர் மரமேறிக் குருத்து வெட்டுவர்; முதியோர் அமர்ந்து மடிப்பர்; சிறுவர் ஓலை எடுத்துக் கொடுப்பர். கொடுத்த சிறுவனே பார்த்துப் பார்த்து மடிக்கப் பழகுவான். ஓலை வாடுவதாலேயே ஒவ்வோராண்டும் புதிதாகச் செய்யவேண்டியதாயிற்று. செய்யச் செய்யக் கலையும் கைமாறியது. நம் சிங்களச் சகோதரரும் பிரித் மண்டபங்களைக் குருத்தோலையால் அலங்கரித்து, அதனைக் ‘கொக்கொல’ என்பர். ஒரே மரம் இரு மொழியினர்க்கும் கலை தந்துள்ளது.

இன்றோ கடைகளிலே பிளாஸ்டிக் தோரணம் கிடைக்கின்றது. அது வாடுவதில்லை, ஆண்டுதோறும் எடுத்துக் கட்டலாம். வசதி என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் அதனைக் கட்டுவதற்குப் பாட்டனும் வேண்டியதில்லை, பேரனும் வேண்டியதில்லை. மூன்றுக்கும் நான்குக்கும் உள்ள வேறுபாட்டை அறியாத தலைமுறை ஒன்று அதன் நிழலிலேயே வளர்ந்துவிடும்.

மண்ணிலே புதைந்த திருமேனிகள் முந்நூறு ஆண்டுகளின் பின்னரும் மீண்டன. கைமறந்த வித்தை அவ்வாறு எந்தக் கிணற்றிலிருந்தும் மீளாது. ஆதலின், அடுத்த விழாவுக்குக் குருத்து வெட்டும்போது வீட்டுச் சிறுவர் சிறுமியரை அருகே இருத்தி, அவர் கையிலும் ஓர் ஓலையைக் கொடுப்போமாக. முதற் குருவி கோணலாயினும் குற்றமில்லை. அதனையும் கயிற்றிலே கட்டுவோம்.