சித்திரத்துள் நுழைந்த மனிதன்

சித்திரத்தைக் காண்பவன் அதற்கு வெளியே நிற்கின்றான். அதனைச் சூழ்ந்த சட்டம், அவன் நிற்கும் உலகம் வேறு, சித்திரத்தின் உலகம் வேறு என்பதை ஓயாது நினைவூட்டுகின்றது. அச்சட்டத்தை அகற்றிவிட்டுக் காட்சியின் நடுவே சென்று நிற்கவேண்டும் என்ற வேட்கை மனிதனுக்கு நெடுங்காலமாக உண்டு. இன்று இளைஞர் பலர், கொழும்பு பம்பலப்பிட்டியின் கணினிக் கடைகளிலிருந்தும் பிற நாட்டு நகரங்களிலிருந்தும் கணினியின் உறுப்புக்களைத் தனித்தனியே வாங்கித் தம் கையாலேயே பொருத்துகின்றனர். பின்னர்க் கவசம் போன்ற ஒரு கருவியைக் கண்களின்மேல் அணிந்து, எங்கும் இல்லாத நாடுகளிலே உலாவி வருகின்றனர். இது நேற்றுத் தோன்றிய புதுமையன்று. இருநூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு இதற்கு உண்டு. அவ்வரலாற்றைப் புரட்டிப் பார்ப்போர், விளையாட்டும் போரும் அதிலே மாறி மாறித் தலைகாட்டுவதைக் காண்பர்.

எடின்பரோ நகரில் வாழ்ந்த றொபேட் பாக்கர் என்னும் ஓவியர், 1787 ஆம் ஆண்டிலே புதுமையான ஒரு காட்சிமுறைக்கு உரிமைப் பத்திரம் பெற்றார். வட்டமான ஒரு கட்டடத்தின் உட்சுவர் முழுவதையும் ஒரே ஓவியத்தால் மூடிவிடுதலே அம்முறை. 1793 இல் இலண்டன் மாநகரின் லெஸ்ரர் சதுக்கத்திலே இதற்கென்றே ஒரு மாளிகை எழுந்தது. கட்டணம் செலுத்தியோர் இருண்ட வழியாகச் சென்று நடுவிலுள்ள மேடையில் ஏறுவர். ஒளி மேலிருந்து ஓவியத்தின்மீது விழும். ஓவியத்தின் மேல் விளிம்பும் கீழ் விளிம்பும் கண்ணுக்குப் புலப்படாதவாறு மறைக்கப்பட்டிருக்கும். எத்திசை திரும்பினும் சித்திரமே தோன்றும். 'முழுக்காட்சி' எனப் பொருள்படும் 'பனோரமா' என்னும் சொல் இக்கலைக்காகவே கிரேக்க வேர்களிலிருந்து ஆக்கப்பட்டதாகும். எழுபது ஆண்டுகள், அதாவது 1863 வரை, அம்மாளிகை மக்களை ஈர்த்து வந்தது.

இத்தகைய காட்சிகளுக்குப் பொருளாக அமைந்தவற்றுட் போர்க்களங்கள் பல. 1799 ஆம் ஆண்டு மே மாதத்திலே ஸ்ரீரங்கப்பட்டணக் கோட்டை வீழ்ந்தது. திப்பு சுல்தான் போரிலே மாண்டார். அடுத்த ஆண்டிலேயே அக்கோட்டை தாக்கப்பட்ட காட்சியை றொபேட் கேர் போட்டர் என்னும் இளம் ஓவியர் மாபெரும் திரையில் வரைந்து இலண்டனிலே மக்கள் பார்வைக்கு வைத்தார். அக்கோட்டையை அவர் நேரிற் கண்டவரல்லர். எனினும் மக்கள் திரண்டு வந்து, புகையும் குருதியும் நிறைந்த அக்காட்சியின் முன் நின்று வியந்தனர்; பின்னர் அச்சமெதுவுமின்றி வீடு திரும்பினர். ஓர் அரசின் அழிவு, கடல் கடந்த நகரொன்றின் மாலைப் பொழுதுபோக்காயிற்று. சித்திரத்துள் நுழையும் கலையோடு இவ்வினா அன்றே பிறந்துவிட்டது: அங்கே நாம் காண்பது என்ன? காணாமல் விடுவது என்ன?

பாக்கரின் கலை பார்வையின் பரப்பை விரித்ததேயன்றி ஆழத்தைத் தரவில்லை. ஆழத்தின் இரகசியத்தை விளக்கியவர், இலண்டன் கிங்ஸ் கல்லூரிப் பேராசிரியரான சாள்ஸ் வீற்ஸ்ரன் ஆவர். நம் கண்களிரண்டும் ஏறக்குறைய இரண்டரை அங்குல இடைவெளியில் அமைந்துள்ளன. ஒரு விரலை முகத்தின்முன் நிறுத்தி, ஒரு கண்ணை மூடியும் மறு கண்ணைத் திறந்தும் மாறி மாறிப் பார்ப்போர்க்கு விரல் இடம் மாறுவது போலத் தோன்றும். இருகண்களும் பெறும் இருவேறு படங்களை மூளை ஒன்றாக இணைக்கும்போதே பொருளின் திண்மை புலனாகின்றது. 1838 இல் வீற்ஸ்ரன் இவ்வுண்மையை அரச கழகத்திற்கு எடுத்துரைத்தார். சற்றே வேறுபட்ட இரண்டு படங்களைக் கண்ணுக்கொன்றாகக் காட்டும் ஆடிக் கருவியொன்றையும் அவர் அமைத்திருந்தார். இன்றைய காட்சிக் கவசங்கள் யாவும் இவ்வொரு தத்துவத்தையே அடிப்படையாகக் கொண்டவை. 1861 ஆம் ஆண்டளவில் அமெரிக்க மருத்துவரும் எழுத்தாளருமான ஒலிவர் வெண்டல் ஹோம்ஸ், கையிற் பிடித்துப் பார்க்கத்தக்க மலிவான கருவியொன்றை அமைத்து, அதற்கு உரிமைப் பத்திரம் பெறாமல் உலகத்தார்க்கே விட்டுவிட்டார்.

இனி இருபதாம் நூற்றாண்டுக்கு வருவோம். எட்வின் லிங்க் என்பவர் தம் தந்தையாரின் ஓர்கன், பியானோத் தொழிற்சாலையிலே வளர்ந்தவர். ஓர்கன் வாத்தியத்திற் பயன்படும் காற்றுத் துருத்திகளைக் கொண்டு, தரையில் நின்றபடியே விமானத்தைப் போலச் சாய்ந்தும் திரும்பியும் அசையும் பயிற்சி யந்திரமொன்றை 1929 அளவிலே அவர் நிறுவினார். முதலில் அதனை வாங்கியோர் களியாட்டத் திடல்களை நடத்தியோரே. 1934 இல் அமெரிக்கத் தபாலை ஏற்றிச்சென்ற இராணுவ விமானிகள் பலர் தீய காலநிலையிலே விபத்துக்குள்ளாகி இறந்தபின்னரே, இராணுவம் அதன் பயனை உணர்ந்து ஆறு யந்திரங்களை வாங்கிற்று. விளையாட்டுப் பொருள் உயிர்காக்கும் பள்ளியாயிற்று; அதேவேளையிற் போர்ப் பள்ளியுமாயிற்று.

திரைப்படக் கலைஞரான மோர்ட்டன் ஹைலிக்கின் கதை துயரம் மிக்கது. காட்சி, ஒலி, காற்று, மணம், இருக்கையின் அதிர்வு ஆகிய அனைத்தையும் ஒருங்கே தரும் 'சென்சொராமா' என்னும் யந்திரத்துக்கு 1962 இல் அவர் உரிமைப் பத்திரம் பெற்றார். அதில் அமர்ந்தோர் புறூக்லின் வீதிகளிலே மோட்டார் சைக்கிளிற் செல்லும் உணர்வைப் பெற்றனர். ஆனால் முதலிட முன்வந்தார் எவருமிலர். 1997 இல் ஹைலிக் காலமானார். அவர் கண்ட கனவு பிறர் கையில் நனவாயிற்று.

இவ்வரலாற்றிலே தனியிடம் பெறத்தக்கவர் வில்லியம் ஹிகின்பொதம் என்னும் பௌதிகவியலாளர். இரண்டாம் உலகப் போரின்போது லொஸ் அலமொஸ் ஆய்வுகூடத்திலே முதலாவது அணுகுண்டுக்குரிய மின்னணுக் கருவிகளை அமைத்த குழுவிற்குத் தலைமை தாங்கியவர் அவர். போர் முடிந்ததும் அணுவாயுதக் கட்டுப்பாட்டுக்காக உழைக்கும் அமெரிக்க விஞ்ஞானிகள் சம்மேளனத்தைத் தாபித்தோருள் ஒருவராகி, அதன் முதற் தலைவருமானார். பின்னர் புறூக்கேவன் தேசிய ஆய்வுகூடத்திலே பணியாற்றுகையில், ஆண்டுதோறும் வரும் பார்வையாளர்கள் அசைவற்ற காட்சிப் பொருள்களைக் கண்டு சலிப்படைவதை அவர் கவனித்தார். ஆய்வுகூடத்திலிருந்த சிறிய ஒப்புமைக் கணினியின் கைந்நூல், துப்பாக்கிக் குண்டின் பாதையையும் துள்ளும் பந்தின் பாதையையும் கதோட்டுக் கதிர்க் குழாயில் வரைந்து காட்டும் முறைகளை விளக்கியிருந்தது. ஹிகின்பொதம் குண்டை விடுத்துப் பந்தை எடுத்துக்கொண்டார். 1958 ஒக்ரோபரிலே, ஐந்தங்குல அலைவுகாட்டித் திரையில் ஒளிப்பந்தொன்று வலையைத் தாண்டித் துள்ளிற்று. இருவர் ஆடும் டெனிஸ் ஆட்டம் அது. மக்கள் வரிசையாகக் காத்து நின்று ஆடினர். அவர் அதற்கு உரிமைப் பத்திரம் தேடவில்லை. தாம் நினைக்கப்பட வேண்டுமாயின் அணுவாயுதப் பரவலைத் தடுக்க உழைத்தமைக்காகவே நினைக்கப்பட வேண்டும் என அவர் விரும்பினார்.

நான்காண்டுகள் கழித்து, 1962 இல், மசச்சூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்திலே ஸ்ரீவ் றசலும் அவர்தம் தோழர்களும் விண்கலங்கள் பொருதும் ஆட்டமொன்றை இலக்கக் கணினியில் இயற்றினர். அக்கணினியின் விலை ஏறத்தாழ 120,000 டொலர். அத்தகைய யந்திரத்தைத் தனியொருவன் வீட்டில் வைத்திருப்பான் என்று அன்று கூறியிருப்பின் கேட்டோர் நகைத்திருப்பர்.

அதே நிறுவகத்தில் ஆய்வு நடத்திய ஐவன் சதர்லன்ட், 1963 இல் திரையிலே ஒளிப்பேனாவால் வரையும் முறையைக் கண்டவர். கணினியாற் படைக்கப்படும் உலகத்துள் மனிதன் நுழையலாம் என்ற கருத்தை 1965 இல் ஒரு கட்டுரையாக வெளியிட்டார். 1968 இல், ஹாவட் பல்கலைக்கழகத்திலே, றொபேட் ஸ்புறோல் என்னும் மாணவரின் துணையோடு அக்கருத்துக்கு உருவம் கொடுத்தார். தலையில் அணியும் சட்டத்திலே இரண்டு சிறிய கதோட்டுக் கதிர்க் குழாய்கள் பொருத்தப்பட்டன. தலையின் அசைவை அளக்கும் கோலொன்று கூரையிலிருந்து தொங்கிற்று. ஒற்றை மயிரிற் கட்டிய வாளின் கீழ் அமர்ந்திருந்த கிரேக்கக் கதையின் டமொக்கிளிசை எண்ணி, அதற்கு 'டமொக்கிளிசின் வாள்' எனப் பெயரிட்டனர். அணிந்தவர் ஆறடி விட்டமுள்ள வெளியிலே அசையலாம். அவர் கண்டவை வெறுங்கோடுகளாலான உருவங்களே. ஆயினும் தலையைத் திருப்பினால் உருவமும் அதற்கேற்ப மாறிற்று. காண்பவனின் அசைவுக்குச் சித்திரம் மறுமொழி கூறிய காலம் அப்பொழுதே பிறந்தது. இவ்வாராய்ச்சிக்குப் பணம் உதவியோருள் அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களத்தின் உயர் ஆராய்ச்சி முகவரகமும் ஒன்று என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

பெரும் நிறுவனங்களிடமிருந்து கணினி மக்கள் கைக்கு மாறியது எவ்வாறு? 1975 சனவரியிலே அமெரிக்கச் சஞ்சிகையொன்றின் அட்டையில் 'அல்ரயர் 8800' என்னும் பெட்டியின் படம் வெளியாயிற்று. எட் றொபேட்ஸ் என்பாரின் சிறு நிறுவனம் அதனைப் பொருத்தப்படாத உறுப்புக்களாகவே 397 டொலருக்கு விற்றது. வாங்கியவர் தாமே பற்றாசு பிடித்து ஒட்டிக்கொள்ள வேண்டும். அதற்குத் திரையுமில்லை, விசைப்பலகையுமில்லை. ஆயினும் ஆயிரக்கணக்கானோர் வாங்கினர். அவ்வாண்டு மார்ச்சிலே கலிபோர்னியாவில் ஒருவரது மோட்டார்க் கொட்டகையிற் கூடிய ஆர்வலர், 'ஹோம்புறூ' என்னும் கணினிக் கழகத்தைத் தொடங்கினர். அக்கழகத்தைச் சேர்ந்த ஸ்ரீவ் வொஸ்னியாக், செங்கல் உடைக்கும் ஆட்டமொன்றைத் தம் யந்திரத்தில் ஆடவேண்டுமென்றே, 1977 இல் வெளிவந்த 'அப்பிள் 2' கணினிக்கு வண்ணத்தையும் ஒலியையும் அளித்தார். 1981 இல் ஐ. பி. எம். நிறுவனம் தன் கணினியின் அமைப்பை நூலாகவே வெளியிட்டு, பிறர் ஆக்கும் அட்டைகளைச் செருகுவதற்கு இடமும் விட்டது. தாய்ப்பலகை, மையச் செயலி, நினைவகம், மின்வழங்கி, விசிறி எனத் தனித்தனியே தேர்ந்து பொருத்தும் இன்றைய வழக்கத்துக்கு அத்திறந்த அமைப்பே வித்தாயிற்று.

இதற்கிடையிலே மெய்நிகர் உலகம் என்னும் கனவு இருமுறை எழுந்து இருமுறை சாய்ந்தது. ஜறன் லனியரின் நிறுவனம் 1980களின் இறுதியில் விற்ற கவசத்தின் விலை 9,400 டொலர். 1995 இல் ஜப்பானிய நின்ரென்டோ நிறுவனம் வெளியிட்ட கருவி செந்நிறத்தை மட்டுமே காட்டிற்று, ஓராண்டுக்குள்ளே கைவிடப்பட்டது. வேகமின்மையே தோல்விக்குத் தலையாய காரணங்களுள் ஒன்று. தலை திரும்பியதை உட்செவி உடனே உணர்கின்றது. கண்முன் உள்ள படம் அதற்கேற்ப மாறுவது தாமதிப்பின், கடற் பயணத்திற் போலத் தலைசுற்றலும் குமட்டலும் உண்டாகின்றன. செக்கனில் ஐம்பதில் ஒரு பங்குக்குள் புதிய படம் தோன்றவேண்டும் என்பது பொறியியலாளர் கணக்கு.

அவ்வேகத்தை ஈட்டித் தந்தது விளையாட்டே. 1993 இல் 'டூம்', 1996 இல் 'குவேக்' முதலிய ஆட்டங்களைத் தடையின்றி ஆட விரும்பியோர், படம் வரைவதற்கென்றே அமைந்த தனி அட்டைகளை நாடினர். திரையிலுள்ள ஒவ்வோர் ஒளிப்புள்ளிக்கும் உரிய நிறத்தைக் கணித்தல் எளிய வேலை. ஆயின் அது இலட்சக்கணக்கான புள்ளிகளுக்குச் செய்யப்பட வேண்டும். எனவே ஒரு பேரறிஞனை அமர்த்துவதற்குப் பதிலாக ஆயிரம் கணக்குப்பிள்ளைகளை ஒரே நேரத்தில் அமர்த்துவது போல, சிறு கணிப்பிகள் பலவற்றை ஒரே தகட்டில் அடுக்கினர். 1999 இல் என்விடியா நிறுவனம் வெளியிட்ட 'ஜீபோர்ஸ் 256' இவ்வழியில் ஒரு மைல்கல். இன்று செயற்கை நுண்ணறிவுக்கு உதவும் யந்திரங்களும் இவ்வாட்ட அட்டைகளின் வழித்தோன்றல்களே.

இவ்விரு நீரோட்டங்களும், அதாவது கையாற் கணினி கட்டுவோரின் மரபும் சித்திரத்துள் நுழைய முயன்றோரின் மரபும், மீண்டும் ஒரு மோட்டார்க் கொட்டகையிலே சங்கமித்தன. கலிபோர்னியாவின் லோங் பீச் நகரில் வாழ்ந்த பாமர் லக்கி என்னும் இளைஞர், கைத்தொலைபேசிகளால் மலிவாகிவிட்ட சிறு திரையையும் விலை குறைந்த வில்லைகளையும் கொண்டு கவசமொன்றை ஆக்கினார். 2012 ஓகஸ்டில் பொதுமக்களிடம் 250,000 டொலர் வேண்டினார். கிடைத்ததோ 24 இலட்சம். 2014 இல் பேஸ்புக் நிறுவனம் அவரது ஒக்குலஸ் நிறுவனத்தை 200 கோடி டொலருக்கு வாங்கியபோது, முன்னர் நன்கொடை ஈந்தோர் பலர் மனம் நொந்தனர். 2016 மார்ச்சில் விற்பனைக்கு வந்த அக்கவசம், 2,160 க்கு 1,200 ஒளிப்புள்ளிகளைச் செக்கனுக்குத் தொண்ணூறு முறை புதுப்பித்தது. பெருக்கிப் பார்ப்பின் செக்கனொன்றுக்கு 23 கோடிக்கு மேற்பட்ட புள்ளிகளாகும். 599 டொலர் கொடுத்துக் கவசத்தை வாங்கியவர், அதனை இயக்கவல்ல கணினியை வேறாகத் தேடவோ தாமே கட்டவோ வேண்டியிருந்தது.

கதை அங்கே முடியவில்லை. 2017 இல் பேஸ்புக்கை விட்டு நீங்கிய லக்கி, அதே ஆண்டிலே அன்டுறில் என்னும் போர்த்தளவாட நிறுவனத்தைத் தாபித்தோருள் ஒருவரானார். அமெரிக்க இராணுவமோ, போர்வீரர் அணியும் காட்சிக் கவசங்களை ஆக்கும் பணியை மைக்ரோசொப்ற் நிறுவனத்திடம் ஒப்படைத்திருந்தது. 2022 இற் பரீட்சித்துப் பார்த்தபோது வீரர் பலர் தலைவலியும் குமட்டலும் கண்டனர். 2025 பெப்ரவரியிலே அப்பணி அன்டுறிலின் கைக்கு மாறுவதாக அறிவிக்கப்பட்டது.

அணுகுண்டு ஆக்கிய கை ஒளிப்பந்தை ஆக்கிற்று. ஆட்டத்துக்கெனக் கவசம் ஆக்கிய கை போர்க்கருவியை ஆக்குகின்றது. இரண்டுக்கும் அடிப்படையான விஞ்ஞானம் ஒன்றே. வில்லைக்கும் தகட்டுக்கும் நன்மை தீமை தெரியாது. அல்ரயர்ப் பெட்டியை ஒட்டியவனும், இன்று தாய்ப்பலகையிலே செயலியைப் பொருத்துபவனும் தம் யந்திரத்தின் உள்ளமைப்பை அறிந்தவர்கள். எதனை எதற்காக இணைத்தோம் எனக் கேட்டால் விடைகூற வல்லவர்கள். அவ்வறிவு யந்திரத்தோடு நின்றுவிடாது, கவசத்துள்ளே காட்டப்படும் உலகம் யாராற் கட்டப்பட்டது, எதற்காகக் கட்டப்பட்டது என்று கேட்கும் வரையில் வளருதல் வேண்டும். ஸ்ரீரங்கப்பட்டணத்துப் புகையைக் கண்டு வீடு திரும்பிய இலண்டன் மக்கள் அக்கேள்வியைக் கேட்டிலர். சட்டம் இருந்த காலத்திற் சித்திரம் சித்திரமென்று தானே தெரிந்தது. சட்டம் அகன்ற காலத்திலோ, அதனை நினைவிற் கொள்ளவேண்டிய பொறுப்புக் காண்பவனுடையதே.