பதினாறில் ஒரு பங்கு

வீட்டிலிருந்தே இணையத்தில் கூடுதல் வருமானம் தேட, 2015இல் மலேசிய அரசு 'இ-ரெசெக்கி' திட்டம் கொண்டுவந்தது. கோலா தெர்லா பக்கத்துத் தேயிலை லயங்களுக்கு இது பழைய கதைதான். கேமரன் மலையில் 1929இல் போ தோட்டம் தொடங்குவதற்கு முன்பே, குடும்பமுள்ள தொழிலாளிக்கு ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு நிலம் ஒதுக்கச் சொன்னது 1923 தொழிலாளர் சட்டம். கீரைப்பாத்தி போடலாம், மாடு வளர்க்கலாம். இதைச் சலுகைன்னு சொல்ல எனக்கு மனசு வரல. 1930இல் ரப்பர் விலை சரிந்ததும் மலாயாவில் ஆண்களின் நிர்ணயக் கூலி 50 காசிலிருந்து 40 ஆனது; பெண்களுக்கு 40லிருந்து 32. குறைஞ்சதைப் பாத்திதான் ஈடுகட்டணும். மண்ணோ துரையோடது. வேலை போனா வீடும் போச்சு, பாத்தியும் போச்சு. மாட்டை வந்த விலைக்கு வித்துட்டுக் கிளம்பணும். இணையக் கூலியும் சொற்பந்தான். ஆனா லயத்தைக் காலி செய்யும்போது கைப்பேசியோட அதுவும் கூடவே வரும்.