வர்ணம் பூசிய சரித்திரம்

சரித்திரம் எழுதுகிறவர் தப்பித்துக் கொள்ளலாம். ஒரு வீரனின் அங்கி என்ன நிறம் என்று தெரியாவிட்டால், அதைப் பற்றி மூச்சு விடாமல் அடுத்த அத்தியாயத்துக்குப் போய்விடலாம். பொம்மைக்கு வர்ணம் பூசுகிறவனுக்கு அந்தச் சலுகை கிடையாது. ஏதாவது ஒரு நிறத்தைப் பூசித்தான் ஆகவேண்டும்.

ராதாபுரத்தில் என் உறவினர் வீட்டில், நவராத்திரிக் கொலுவுக்குப் பக்கத்து அலமாரியில் இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றி நிற்கிறார். ஏர்பிக்ஸ் என்ற ஆங்கிலக் கம்பெனியின் பழைய பிளாஸ்டிக் பொம்மை. கை, கால், தலை, தொப்பி எல்லாம் தனித்தனித் துண்டுகளாக ஒரு சட்டத்தில் ஒட்டிக்கொண்டு வரும். பிளேடால் அறுத்தெடுத்து, பிசிறைத் தேய்த்து, பசை தடவிப் பொருத்த வேண்டும். அந்தப் பசை பிளாஸ்டிக்கையே கொஞ்சம் இளக்கி, இரண்டு துண்டுகளையும் ஒன்றாக்கிவிடும். அமெரிக்காவில் 1950-ல் தோன்றிய அரோரா கம்பெனியும் கவசம் பூண்ட வீரர்களை இப்படித்தான் விற்றது.

ஹென்றிக்கு வர்ணம் பூசுவதில் சிரமம் இல்லை. ஹோல்பைன் என்ற ஓவியர் அவர் உயிரோடு இருந்தபோதே வரைந்து வைத்துவிட்டார். தாடியிலிருந்து மோதிரம் வரை பார்த்துப் பூசலாம்.

கொலுப்படியில் நம் கட்டபொம்மனும் நிற்கிறார். அவருக்கு எந்த ஹோல்பைன் இருந்தார்?

ராதாபுரத்திலிருந்து வடக்கே, திருநெல்வேலியையும் தாண்டிப் போனால் கயத்தாறு. அங்கேதான் 1799 அக்டோபர் 16-ல் அவரைத் தூக்கிலிட்டார்கள். அவரை நேரில் பார்த்து வரைந்த படம் எதுவும் நமக்குக் கிடைக்கவில்லை. 1801-ல் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையையும் இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். ஆனால் அவரை எதிர்த்த கும்பினிப் பட்டாளத்தின் செஞ்சட்டை எப்படி இருந்தது என்று இன்றும் சொல்லிவிடலாம். அந்தச் சட்டைக்குள் இருந்த சிப்பாய்களில் பலர் இந்நாட்டவரே என்பது வேறு விஷயம்! வென்றவனின் உடுப்புக்குச் சாட்சி இருக்கிறது. தோற்றவனின் முகத்துக்குக்கூட இல்லை.

அந்தக் குறையை 1959-ல் சினிமா தீர்த்து வைத்தது. பி. ஆர். பந்துலுவின் வண்ணப் படத்தில் சிவாஜி கணேசன் நின்ற கோலமே கட்டபொம்மனின் கோலமாயிற்று. கயத்தாறில் நிலம் வாங்கி, 1970-ல் சிலை வைத்தவரும் அவர்தான். கொலுப் பொம்மையின் மீசையும் பார்வையும் எனக்கு அந்தத் திரையைத்தான் நினைவூட்டுகின்றன. இதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. முகமே இல்லாமல் மறந்துபோவதைவிட, இரவல் முகத்தோடு நினைவில் நிற்பது மேல் அல்லவா?

ஆனால் ஒரு சாட்சியை மறந்துவிடக் கூடாது. 1801 போரில் எதிர்ப்பக்கத்தில் நின்று சண்டையிட்ட ஜேம்ஸ் வெல்ஷ், 1830-ல் தம் நினைவுகளை நூலாக வெளியிட்டார். ஊமைத்துரையின் ஆட்கள் நீண்ட ஈட்டிகளுடன் கோட்டையைக் காத்ததை அதில் காணலாம். எதிரியே கண்ணால் கண்டு எழுதியது.

பொம்மை செய்யும் இளைஞர்களிடம் எனக்கு ஒரு விண்ணப்பம் உண்டு. கட்டபொம்மனுக்கு உங்கள் மனம்போல் வர்ணம் பூசுங்கள். அவர் பக்கத்தில் ஓர் ஈட்டிக்காரனையும் நிறுத்துங்கள். அவன் பெயர் நமக்குத் தெரியாது. அவன் கையில் இருந்தது தெரியும்.