அலங்கத்தின் உள்ளே ஒரு பூங்கா

பழைய தஞ்சை மாவட்டத்தின் நன்னிலம், குடவாசல் பக்கத்து மக்களுக்குத் தஞ்சாவூர் என்றால் பெரிய கோயில், அதை ஒட்டிய சிவகங்கைப் பூங்கா. கோயிலைப் பற்றி எழுதிக் குவித்துவிட்டோம். பூங்காவைக் குழந்தைகளுக்கு விட்டுவிட்டோம். அது ஒரு கோட்டையின் வயிறு என்பது பலருக்கு நினைவில்லை.

தஞ்சையில் கோட்டைகள் இரண்டு. அரண்மனையைச் சூழ்ந்தது பெரிய கோட்டை. பெரிய கோயிலையும் சிவகங்கைக் குளத்தையும் உள்ளடக்கியது சின்னக் கோட்டை. இது 16ஆம் நூற்றாண்டில் செவ்வப்ப நாயக்கர் எழுப்பியது என்பர். 1773இல் ஆற்காட்டு நவாபுக்காகக் கும்பினிப் படை தஞ்சையைப் பிடித்தது. துளஜா மன்னர் சிறைப்பட்டார். 1776இல் நாடு அவருக்குத் திரும்பக் கிடைத்தது, ஆனால் கும்பினியின் காவற்படையும் கூடவே வந்து அமர்ந்தது. 1779இல் குளத்தருகே சுவார்ட்ஸ் பாதிரியார் கட்டிய தேவாலயம் அந்தக் காலத்தின் சாட்சி. அங்கே பிளாக்ஸ்மன் வடித்த பளிங்குச் சிற்பத்தில், பாதிரியாரின் மரணப் படுக்கை அருகே சரபோஜி நிற்கிறார்.

1799 உடன்படிக்கைக்குப் பின் சரபோஜிக்கு எஞ்சியது கோட்டையும் சுற்றுப்புறமுமே. 1855இல் இரண்டாம் சிவாஜி ஆண் வாரிசின்றி மறைந்ததும் அதுவும் போயிற்று. காக்க அரசனும் இல்லை, எதிர்க்கப் பகைவனும் இல்லை. அகழிக்கு இனி என்ன வேலை? 1857இல் வியன்னாவில் பேரரசரே ஆணையிட்டு மதிலை இடித்துச் சாலையும் பூங்காவும் அமைத்தார். தஞ்சையில் அந்த ஆடம்பரமெல்லாம் இல்லை. 1866இல் பிறந்த நகராட்சி 1871-72இல் சின்னக் கோட்டைக்குள் மக்கள் பூங்கா ஒன்றை அமைத்தது, அவ்வளவுதான்.

அந்நிலத்தின் உயிர் குளம்தான். மேற்கே செவ்வப்ப நாயக்கன் ஏரியில் (பேச்சு வழக்கில் சேப்பனவாரி) தேங்கும் மழைநீர் சிவகங்கைக் குளத்தில் தெளிந்து, சுடுமண் குழாய்கள் வழியே நகருக்குள் அய்யன்குளம் வரை சென்றது. முற்றுகைக் காலத்தில் கோட்டைக்கு உயிர்நாடியான நீர் பிறகு ஊருக்கே குடிநீராயிற்று. படைக்கும் பூங்காவுக்கும் இடையில் மாறாமல் நின்றது இந்த நீர் ஒன்றே. ஏரியும் வாய்க்காலும் தூர்ந்தால் பூங்காவின் நீரூற்றுகளால் என்ன பயன் என்று கேட்கத் தோன்றுகிறது.

பெரிய கோட்டையின் கதை வேறு. அதன் மதிலையும் அகழியையும் ஒட்டி எளியவர்கள் குடியேறினார்கள். கீழ அலங்கம், மேல அலங்கம், வடக்கு அலங்கம் என்று தெருக்களுக்குப் பெயர். அலங்கம் என்றால் கோட்டைக் கொத்தளம். 2016இல் தஞ்சை சீர்மிகு நகரத் திட்டத்தில் சேர்ந்த பிறகு, அகழியை மீட்கவென அவ்வீடுகள் பல அகற்றப்பட்டன. குடும்பங்களுக்கு நகருக்கு வெளியே மாற்றிடம் காட்டப்பட்டது. மரபுச் சின்னம் மீள்வதில் எனக்கும் மகிழ்ச்சியே. ஆயினும் தலைமுறைகளாக அங்கே அடுப்பெரித்தவர்களும் அந்த மதிலின் வரலாற்றைச் சேர்ந்தவர்கள்தாம். 1871இல் ‘மக்கள் பூங்கா’ என்று பெயரிட்டவர்களுக்கு அச்சொல்லின் பொருள் தெரிந்திருக்கும்.

பூங்காவைச் சீரமைத்தபோது அங்கிருந்த மான்களையும் இடம் மாற்றினார்கள். அவை போய்ச் சேர்ந்தது 1967 முதல் சரணாலயமாக இருக்கும் கோடியக்கரைக் காட்டுக்கு.